உப்புப் பையில் பசளை

சுனாமியில் கடல் வந்து போய் இரண்டு வருஷமாகியும் எங்கள் வயல் உப்பை விடவில்லை. எங்கள் வயல் என்பது பேச்சுக்குத்தான். மனைவிக்கு அவளுடைய வாப்பா சீதனமாகக் கொடுத்த அரை ஏக்கர் அது. மூன்று போகம் விதைத்தேன். மூன்றும் முழ உயரத்தில் நுனியிலிருந்து மெல்ல மெல்லக் கருகிப் போயின. நாலாவதும் போனால் அவள் முகத்தில் எப்படி முழிப்பது என்ற பயம் சோறு தின்னும்போதுகூட என்னை விடாது.

சவளக்கடை என்ற ஊரில் விவசாயம் படித்த கூட்டாளி ஒருவன் இருந்தான். உப்பு மண்ணில் வேரால் சாப்பிட முடியாத பயிருக்கு இலை வழியாக ஊட்டலாம் என்று வெள்ளைப் பசளைத்தூள் தந்தான்.

"மருந்தடிக்கிற தாங்கிக்கு ஒரு கைப்பிடிதான் மச்சான். வெயில் ஏற முதல் அடி. பத்து நாளைக்கு ஒருக்கா, மூணு தரம்."

சண்டை திரும்பத் தொடங்கியிருந்த நேரம். இப்படி ஒரு தூளைக் கண்டால் குண்டு செய்யத்தான் என்று ஆமிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போவார்கள். வயலுக்குப் போகும் வழியிலோ செக் பொயின்ட். பெரிய கெட்டிக்காரன் போல தூளை ஒரு பழைய உப்புப் பையில் கட்டி, மருந்தடிக்கும் தாங்கியோடு சைக்கிளில் வைத்தேன். கடல் குடித்த வயலுக்கு உப்புக் கொண்டுபோன ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும்.

"வயலுக்கு உப்பு என்னத்துக்கு?" என்றான் சிப்பாய், அரைகுறைத் தமிழில்.

"அட்டைக்கு, சேர். காலில ஏறுது."

பையை அவிழ்த்து என் முன்னால் நீட்டினான். "தின்னு."

பிஸ்மி சொல்லி ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தேன். குளிர்ந்து, பிறகு கைத்தது. முகம் சுளிக்காமல் விழுங்கினேன். வெயில் உச்சிக்கு ஏறும்வரை நிற்கவைத்துத்தான் போகவிட்டான்.

வயலில் அந்த முறை பயிர் பரவாயில்லை. நுனி லேசாக வெளுத்திருந்தாலும் குருத்து பச்சையாக நின்றது. ஆனால் மிச்சத் தூளோடு அதே வழியால் திரும்ப வேண்டுமே என்பதைத் தவிர என் தலைக்குள் வேறொன்றும் இல்லை. வரம்பில் புதைத்தால் கிண்டி எடுப்பார்கள். வாய்க்காலில் கொட்ட மனம் வரவில்லை. மூன்று தரத்துக்கானதை ஒரே தரத்தில் கொடுத்தால் பயிருக்கு இன்னும் நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாங்கிக்கு மூன்று கைப்பிடி போட்டு, கொதிக்கிற வெயிலில் அடித்து முடித்தேன்.

மூன்றாம் நாள் மனைவியும் என்னோடு வயலுக்கு வந்தாள். நெருப்பு வைத்தது போல, குருத்துவரை ஒரேயடியாகக் கருகிக் கிடந்தது. பார்த்தவுடனே எனக்கு விளங்கிவிட்டது.

"இஞ்சாருங்க, கடல் இன்னும் விடல்லயா?"

"ஓம்," என்றேன். "கடல்தான்."

சிப்பாயிடம் சொன்ன பொய்யைவிட இது லேசாக வந்தது.

கடல் எடுத்ததை நாங்கள் வைத்திருக்க முடியாது என்று அந்த மாதமே அவள் வயலை விற்றாள். வாங்கியவர் ஒரு மருந்தும் அடிக்காமல் அடுத்த போகம் விதைத்தார், அறுத்தார். நெல் மூட்டை ஏற்றிய ட்ரக்டர் எங்கள் வாசலால்தான் போனது. மனைவி படலையில் நின்று அது தெருமுனையில் திரும்பும்வரை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அப்போது குனிந்த தலைதான், இன்றைக்கு வரைக்கும் அவளிடம் நடந்ததைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.