பக்கத்து சீட்டில் அத்தான்

இரண்டு கிழமைக்கு முன்னர் ஒரு ஞாயிறு காலை, வெள்ளவத்தையில் அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அத்தான் என் முகத்துக்கு நேரே 'ஹா' என்று ஊதினார்.

"இஞ்சித் தேத்தண்ணி மட்டுந்தான். திருப்தியோ?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் மூச்சை மணந்து பார்த்தேன்தான்.

அத்தான் குடியை விட்டு ஒரு வருடத்துக்கு மேலாகிறது. வத்தளையில் ஒரு மறுவாழ்வு நிலையத்தில் தங்கியிருந்து திரும்பியவர். அவர் விட்டாலும் நாங்கள் விடுகிறோமா? அக்கா கொலரைச் சரிசெய்கிற சாட்டில் மணந்து பார்ப்பாள். நான் தேத்தண்ணி கொடுக்கிற சாட்டில்...

மணந்து பார்க்காதவள் மகள் தர்ஷி மட்டும்தான். கிட்டப் போனால்தானே? அவளுடைய பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவுக்கு நிறைவெறியில் வந்த அத்தான், அவள் பரிசு வாங்கும் நேரம் பார்த்து மேடைக்கு முன்னால் விழுந்தார். அன்றோடு 'அப்பா' என்று கூப்பிடுவதை நிறுத்தினாள். இப்போது வேலைக்குப் போகிறாள். ஒரே மேசையில் இருந்துகொண்டே, "அம்மா, அவருக்குச் சோறு வேணுமோ எண்டு கேளுங்கோ" என்பாள். அக்கா கேட்பாள். அத்தான் அக்காவிடம் பதில் சொல்வார். மொழிபெயர்ப்பாளர் வைத்து நடத்தும் மகாநாடு மாதிரி இருக்கும்.

அன்றைக்கு அவளுக்குக் கார் பழக்குகிறவர் வரவில்லை. அடுத்த கிழமை டெஸ்ட். வீட்டில் லைசன்ஸ் உள்ளவர் அத்தான் ஒருவர்தான். எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தோம்.

"அம்மா, அவருக்குப் பழக்க ஏலுமோ எண்டு கேளுங்கோ."

அக்கா கேட்டாள். "ஏலும்" என்றார் அத்தான் – அக்காவிடம்.

அவளோடு வீட்டுக் காரில் போய்த் திரும்பி வந்த அத்தான் மேசையடியில் இருந்து தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினார். கை நடுங்கியது. கோப்பை சோசரில் கடகடவென்று அடித்தது. அந்த நடுக்கம் எங்களுக்குப் பழக்கமானது. அக்காவின் முகம் வெளிறிவிட்டது. மெல்ல எழும்பிப் போய் அவருடைய கொலரைப் பிடித்தாள்.

"விடுங்கோ அம்மா" என்றாள் தர்ஷி. "அவர் ஒண்டும் குடிக்கேல்லை. நான்தான் பம்பலப்பிட்டியிலை பஸ்ஸுக்குக் குறுக்காலை விட்டிட்டன்."

"குறுக்காலையோ? பஸ்ஸுக்குக் கீழை விடப் பாத்தவ" என்று அத்தான் அக்காவிடம் முறையிட்டார்.

"நீங்கள் கத்தினபடியாலைதானே அப்பா நான் பதறினனான்..."

அப்படியே நிறுத்திவிட்டாள். சொல் வந்துவிட்டது. அத்தான் மறுபடி கோப்பையைத் தூக்கி, பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

"கத்தாமல் என்ன செய்ய? பிரேக் எண்டால் பிரேக்கிலை கால் வைக்கோணும் பிள்ளை" என்றார். இந்தமுறை அவளைப் பார்த்தே சொன்னார்.

முறிந்த உறவு திரும்புவதென்றால் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் அது பிரேக்கைப் பற்றிய சண்டையாக வந்து சேர்ந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் இருவரும் காரில் போனார்கள். சண்டை பிடித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். அக்கா போனில் முறைப்பாடு வைத்தாள்: "வீட்டிலை ஒரே சத்தம் தங்கச்சி. காது குடுக்கேலாது." சொல்லும்போதே சிரித்தாள்.

டெஸ்டில் தர்ஷி பெயில். வீட்டில் ஒருவருக்கும் கவலையில்லை.