தோசைக்கல் மேல் பித்தளைப் பானை

1. மகளிர் விடுதியைக் காலி செய்தேன். நான் படியிறங்குவதற்குள் அடுத்த பெண் என் கட்டிலில் பையை வைத்துவிட்டாள். இனி அங்கே எனக்கு இடமில்லை.

2. மெத்தை, மின்விசிறி, இண்டக்‌ஷன் அடுப்பு, தோசைக்கல், இரண்டு பெட்டிகள். எல்லாம் ஒரு குட்டியானை வண்டியில் ஏறின. பாதி வண்டி காலியாகவே இருந்தது.

3. வீட்டுக்கார அக்கா வண்டியை வாசலிலேயே நிறுத்தச் சொன்னார். மாடியில் பால் பொங்கினால் சாமான் ஏறலாம். பொங்காவிட்டால் வண்டி திரும்பலாம்.

4. பால் சூடாகக்கூட இல்லை.

அந்த இடத்தை இணையத்தில்தான் பார்த்தேன். விளம்பரத்தில் அது ஸ்டுடியோ அபார்ட்மென்ட். தெருவில் கேட்டால் ‘ஒத்த ரூம்’. மொட்டை மாடியில் ஒரே அறை. ஒரு மூலையில் சமையல் மேடை, இன்னொரு மூலையில் குளியலறை. ஜன்னலைத் திறந்தால் தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். அவற்றின் மின்சாரப் பராமரிப்புதான் என் வேலை. ஆறு பேர் படுக்கும் விடுதி அறையில், ஷிப்ட் முடிந்து வந்து பகலில் தூங்கப் பழகாமலே இரண்டு வருடம் ஓட்டியிருந்தேன். நானே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஒரு கதவு வேண்டும். அவ்வளவுதான் என் தேவை.

அக்காவுக்கு இரண்டு நிபந்தனைகள். மாடிக்கு காஸ் சிலிண்டர் வரக்கூடாது. பால் காய்ச்சாமல் குடியேறக்கூடாது. முன்பு இருந்த இரண்டு குடித்தனங்களும் பால் காய்ச்சாமல் வந்து, வந்த வேகத்தில் போனவையாம். இந்த முறையும் சகுனம் சரியில்லையென்றால் அறையைக் கணவரிடம் விட்டுவிடப் போவதாகச் சொன்னார். கணவர் கருப்பட்டி மொத்த வியாபாரி, தெருவுக்கே அண்ணாச்சி. கடையில் இடம் போதாமல் நெடுநாளாக அந்த அறைமேல் அவருக்கு ஒரு கண். அன்றைக்குக் கடைக்குப் போகாமல் மாடிப்படியில் வந்து உட்கார்ந்திருந்தார்.

அக்கா புதுப் பித்தளைப் பானையின் கழுத்தில் மஞ்சள் கட்டி, பாலையும் ஊற்றிக் கொண்டுவந்து என் அடுப்பில் வைத்தார். நான் பொத்தானை அழுத்தினேன். அடுப்பு கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடி கத்தியது. இண்டக்‌ஷனுக்கு இரும்போ எவர்சில்வரோ வேண்டும். பித்தளையை அது பாத்திரமாகவே எடுத்துக்கொள்ளாது.

“அடுப்பே வேண்டாங்கு. கருப்பட்டிச் சிப்பத்த ஏத்தச் சொல்லட்டுமா?” என்றார் அண்ணாச்சி.

ராகு காலம் வரப்போகிறது, கொஞ்சம் சும்மா இருங்கள் என்று அக்கா அவரை அடக்கினார். என்னிடம் எவர்சில்வர் பாத்திரம் இருக்கிறது என்றேன். ஊற்றின பாலை மாற்றக்கூடாதாம். கீழே அவர்கள் அடுப்பில் காய்ச்சி எடுத்து வரலாமே என்றேன்.

“கீழ பொங்குனா அது எங்க வீட்டுப் பாலுல்லா,” என்றார் அக்கா.

வாசலில் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். நான் இறங்கிப் போய்ச் சாக்கைப் பிரித்துத் தோசைக்கல்லை எடுத்து வந்தேன். நல்ல கனமான இரும்புக் கல். அதை அடுப்பில் வைத்து, அதன்மேல் பானையை வைத்தேன். அடுப்பு கத்தவில்லை.

“பாலுல தோச சுடப் போறியோ?” என்றார் அண்ணாச்சி.

கல் சூடாகி, பானை சூடாகி, பால் ஓரத்தில் நுரை கட்டியது. அந்த நேரம் பார்த்து, கல் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது என்று அடுப்பு தானாகவே நின்றுபோனது. அண்ணாச்சி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். அக்கா கைபேசியில் மணி பார்த்தார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

“அடுப்பு நின்னாலும் கல்லு நிக்காதுக்கா. கொஞ்சம் பொறுங்க,” என்றேன். குரல் நிதானமாகத்தான் வந்தது. விரல்கள் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தன.

பால் நடுங்கியது. ஏடு மெல்ல மேலே எழுந்து, மஞ்சள் கட்டிய கழுத்தைத் தாண்டி, சுடுகல்லில் சொய்யென்று வழிந்தது. அக்கா குலவை போட்டார். எதிர்மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாவும் என்ன ஏது என்று கேட்காமலே சேர்ந்து குலவை போட்டார்.

“கெழக்கால வழிஞ்சிருக்கு, நல்ல சகுனம், பாத்தியளா?” என்று அக்கா கணவரைக் கேட்டார். மேடை லேசாகக் கிழக்கே சாய்ந்திருந்ததை நான் சொல்லவில்லை.

அண்ணாச்சி விறுவிறுவென்று படியிறங்கிப் போனார். கோபம் என்றே நினைத்தேன். திரும்பி வந்தபோது ஒரு தோளில் என் மெத்தை, மறு கையில் ஒரு கருப்பட்டி.

“பொங்குன பாலுல சீனியா போடுவாவ?” என்று அதை அக்காவிடம் கொடுத்தார்.

பாலில் கொஞ்சம் தீய்ந்த வாடை இருந்தது. மூன்று பேரும் குடித்தோம். வண்டிக்காரருக்கும் ஒரு தம்ளர் போனது.

வாடகை ஒப்பந்தத்தை ஒருமுறை புதுப்பித்தாயிற்று. ஒத்த ரூமில் நான்தான் இருக்கிறேன். கட்டிலுக்கு அடியில் அண்ணாச்சியின் கருப்பட்டிச் சிப்பங்கள் இரண்டு இருக்கின்றன.