பதினேழாம் மைலில் நின்ற விண்கப்பல்

பஸ் டிப்போவில் அவளுக்கு ராக்கெட் அக்கா என்று பெயர். வைத்த புண்ணியவான் மலை வண்டி டிரைவர். அவள் அங்கே இருபத்திரண்டு வருடமாக டைம்கீப்பர். எந்த வண்டி எப்போது கிளம்பியது, எங்கே எத்தனை நிமிடம் நின்றது என்று கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுவதுதான் பிழைப்பு. ஒரு வண்டி போய் அடுத்தது வருவதற்குள், பழைய டிரிப் ஷீட்டுகளின் பின்பக்கத்தில் அவள் ஒரு விண்வெளி நாவல் எழுதினாள். ஆறு வருடம் எழுதினாள். வேறு யாராவது என்றால் ஆறாம் மாதமே மூட்டை கட்டியிருப்பார்கள்.

ஒரு பதிப்பகம் அதை ஏற்றுக்கொண்டது. தையல்காரரான அவள் வீட்டுக்காரர் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு வந்தார். மறுவாரமே பதிப்பாசிரியரிடமிருந்து போன்.

“மேடம், ஒன்பதாவது அத்தியாயத்துல கப்பல் ஏதோ ஒரு நட்சத்திரத்துகிட்ட போய் நிக்குது. அங்க மனுஷன் இல்ல, ஊர் இல்ல, ஒரு சண்டை கூட இல்ல. ஆளே இல்லாத இடத்துக்கு எதுக்குப் போகணும்? அந்த அத்தியாயத்தைத் தூக்கிடுங்க. இல்லன்னா புத்தகம் போட முடியாது.”

அவளுக்குச் சுருக்கென்றது. மொத்தக் கதையிலும் அவளுக்கு உயிரான அத்தியாயம் அதுதான். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

“ஒரு அத்தியாயம்தானே, விட்டுக்கொடேன்,” என்றார் வீட்டுக்காரர்.

“கை வைக்காம சட்டை தைப்பீங்களா நீங்க?”

“சில பேரு அப்படியும் கேக்குறாங்களே.”

அவள் முறைத்த முறைப்பில் மனிதர் மிஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

மூன்றாம் நாள் அவளே போன் செய்தாள். “சார், ஞாயித்துக்கிழமை காலைல எங்க மலை வண்டியில வாங்க. வந்து பார்த்துட்டும் வேண்டாம்னா நானே வெட்டிடறேன்.”

பதிப்பாசிரியர் இஸ்திரி போட்ட சட்டையோடு வேண்டாவெறுப்பாக வந்தார். ஒரு மணி நேரம் ஏறிய வண்டி பதினேழாம் மைலில் நின்றது. கடை இல்லை, வீடு இல்லை. ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை. கால் மணி நேரம் போயிற்று.

“இங்க எதுக்கு நிக்குது?” என்று பதிப்பாசிரியர் பல்லைக் கடித்தார்.

அவள் அவர் கையில் ஒரு வாளியைக் கொடுத்தாள். “ஓடையில மொண்டுட்டு வாங்க சார்.”

பாதித் தண்ணீரைப் பேண்டில் கொட்டிக்கொண்டு, மீதியைக் கொண்டுவந்தார். டிரைவர் ஈரத்துணியால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஊற்றினார்.

“சூட்டோட ஏத்தினா பாதியிலேயே படுத்துடும் சார். அதுபோக, இதுக்கு மேல ஒத்தை வண்டிப் பாதை. எதிர் வண்டி இறங்கினாத்தான் நாம ஏற முடியும்.”

சொல்லி வாய் மூடவில்லை, வளைவில் ஹாரன் கேட்டது. இறங்கி வந்த வண்டி ஒரு சாண் இடைவெளியில் உரசாமல் கடந்து போயிற்று.

பதிப்பாசிரியர் அவளிடம் திரும்பினார். “உங்க கப்பலும் இதுக்குத்தான் நிக்குதா?”

“ஆமா சார். நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் ஒரு தாவு தாவினா இன்ஜின் கொதிச்சிடும். ஆற வைக்க ஒரு இடம் வேணும். அங்க ஒரு நிலாவுல ஐஸ் இருக்கு, டாங்கை ரொப்பிக்கலாம். எதிர்ல வர்ற கப்பலுக்கு வழியும் விடணும். இதுக்கெல்லாம் அங்க ஆள் எதுக்கு?”

“இதுல ஒரு வரி கூட நீங்க எழுதலையே மேடம்!”

உண்மைதான். கப்பல் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நிமிடம் நின்றது, எல்லாம் சுத்தமாக எழுதியிருந்தாள். ஏன் நின்றது என்று மட்டும் எழுதவில்லை. டிப்போவில் அதை யாரும் கேட்பதில்லை. டிரிப் ஷீட்டில் அதற்குக் கட்டமும் கிடையாது. நினைக்க நினைக்க அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ரோட்டோரம் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள்.

ஒன்பது பக்க அத்தியாயம் இருபது பக்கமாயிற்று. கப்பலின் கேப்டனே வாளி தூக்கினார்.

மலைமேல் இருந்த ஊரில் வெளியீட்டு விழா. டிப்போவே திரண்டு வண்டி ஏறியது. வீட்டுக்காரர் இரண்டு கையும் வைத்துத் தைத்த புதுச்சட்டையில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். பதினேழாம் மைலில் வண்டி நின்றது.

“ஆளே இல்லாத இடத்துல எதுக்குப்பா நிறுத்துற?” என்று பின் சீட்டிலிருந்து ஒரு வெளியூர்க்காரர் கத்தினார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் பதிப்பாசிரியர் எழுந்துவிட்டார். சட்டைக் கையை மடித்துவிட்டு, டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்த வாளியைத் தானே எடுத்துக்கொண்டார்.

“இறங்கி வாங்க சார்,” என்றார், “காட்டுறேன்.”