ரோசம்மாள் எடுத்த இடுப்பளவு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் போகிற சாலையில், பஞ்சர் கடைக்கு எதிரே, ரோசம்மாளின் தையல் மிஷின் காலை ஏழு மணிக்கே ஓட ஆரம்பித்துவிடும். அவள் வாயும் அதே நேரத்துக்குத்தான் திறக்கும். பன்னிரண்டு வருஷம் ஏற்றுமதிக் கம்பெனியில் பேண்டுக்கு இடுப்புப் பட்டி வைத்தவள். ஒருநாள் சூப்பர்வைசரை நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டுவிட்டு, வெளியே வந்து சொந்தமாக மிஷின் போட்டாள். அவள் அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள். அந்த வயல்காரப் பெண்களை இவள் இப்போது கையைத் தூக்கி நிற்க வைத்து அளவெடுக்கிறாள். அதில் அவளுக்குப் பெருமை உண்டு. அதை மறைக்கவும் தெரியாது.

சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்களைப் பற்றி அவர்கள் புருஷன்மாருக்குத் தெரியாததெல்லாம் ரோசம்மாளுக்குத் தெரியும். முக்கியமாக இடுப்பு. பாவாடை நாடாவை மூச்சு முட்ட இழுத்து முடிந்தால்தான் புடவை நிற்கும் என்று பதினைந்து வயதில் பழகியதை அறுபது வயதிலும் விடாதவர்கள். நாடா உட்காரும் இடத்தில் கறுப்பாக, சொரசொரப்பாக ஒரு வளையம் எல்லாருக்கும் இருக்கும். அரித்தால் மஞ்சள், புண்ணானால் தேங்காய் எண்ணெய். அதைப் போய் யாராவது டாக்டரிடம் காட்டுவார்களா?

ஆனி மாசம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தோல் புற்றுநோய் பரிசோதனை முகாம் போட்டார்கள். சென்னையிலிருந்து டாக்டர் ஷைனி வந்திருந்தார். அறுபது பெண்கள் வந்தார்கள். முகத்தில் மங்கு, தலையில் பொடுகு, காலில் பித்தவெடிப்பு எல்லாவற்றையும் காட்டினார்கள். “இடுப்பைக் கொஞ்சம் பார்க்கணும்மா” என்றதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “அங்க ஒண்ணும் இல்ல டாக்டர்” என்று கிளம்பிவிட்டார்கள். விரல் இடுக்குச் சொறிக்கு மருந்து வாங்கப் போன ரோசம்மாள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாடா தழும்பு முக்கால்வாசிப் பேருக்கு வெறும் தழும்புதான்,” என்றார் டாக்டர் அலுப்போடு. “ஆனா மாசக்கணக்குல ஆறாத புண் இருந்தா அது கேன்சரா மாறியிருக்கலாம். ஆரம்பத்துலயே தெரிஞ்சா வெட்டி எடுத்துடலாம். காட்டுனாத்தானே தெரியும்?”

ரோசம்மாளுக்கு உடனே ஞாபகம் வந்தது மணியம்மாள்.

மணியம்மாள் பக்கத்து ஊரில் ஆறு ஏக்கர் நெல் வயலுக்குச் சொந்தக்காரி. வலது இடுப்பில், முடிச்சு உட்காரும் இடத்தில் ஒரு புண். பொங்கலுக்கு அளவெடுத்தபோது பார்த்தது, போன வாரம் எடுத்தபோதும் அப்படியே இருந்தது. அப்படியே கூட இல்லை; ஓரம் தடித்துப் போயிருந்தது, பாவாடையில் ரத்தக் கறை. சாயங்காலமே ரோசம்மாள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

“யம்மா, அந்தப் புண்ண டாக்டராண்ட காட்டணும்மா. பேஜாரான புண்ணா கூட இருக்கும்னு சொல்றாங்க.”

“இன்னாடி, தைக்கறத உட்டுட்டு டாக்டராயிட்டியா?” என்ற மணியம்மாள், வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “ஆவணில நந்தினிக்குக் கல்யாணம். கேன்சர்னு ஒரு வார்த்த வெளிய போச்சுன்னா சம்பந்தி ஊட்ல இன்னா நெனப்பாங்க? வாய மூடிக்கினு போ.”

ரோசம்மாளா வாயை மூடுவாள்? திரும்பி வரும்போது வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தாள். ஆனால் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது கோபம் போய் யோசனை வந்திருந்தது. டாக்டருக்குக் காட்டாத இடுப்பை இத்தனை பேரும் தனக்கு மட்டும் எப்படிக் காட்டுகிறார்கள்? அளவு என்று சொன்னால் நாடாவைத் தானாகத் தளர்த்துகிறார்கள். அதில் வெட்கமும் இல்லை, யாரும் சந்தேகப்படுவதும் இல்லை.

மறுநாள் டாக்டருக்குப் போன் போட்டாள். “அடுத்த முகாம்ல எனக்கு ஒரு திரையும் ஸ்டூலும் குடுங்க. நாடா இல்லாத பாவாட, நாலு விரல் அகலப் பட்டி, ஊக்கு வச்சது, அதத் தச்சுத் தரேன்னு நான் அளவெடுப்பேன், நீங்க பக்கத்துல நின்னு பாருங்க. பாப்பீங்கன்னு முன்னாடியே சொல்லித்தான் கூப்புடுவேன். வெளிய நிக்கறவங்களுக்கு உள்ள போறவ அளவு குடுக்கப் போறா, அவ்ளோதான்.”

டாக்டர் சிரித்துவிட்டு, “ரெண்டு திரையா போட்டுடலாம்” என்றார்.

மணியம்மாளை இழுப்பதுதான் பெரிய வேலை. கல்யாணப் பெண்ணுக்கு ஒன்பது ஜாக்கெட், அம்மாவுக்கு நாலு. துணிப்பையோடு வந்தவளிடம் ரோசம்மாள் பையையே வாங்கவில்லை. “அளவு முகாம்லதான். வந்தீங்கன்னா தைப்பேன். இல்லன்னா வேற டெய்லரப் பாத்துக்கோங்க.”

மணியம்மாள் கொதித்துப் போய் வேறு கடைக்குப் போனாள். அங்கே தைத்த முதல் ஜாக்கெட் நந்தினிக்குக் கையே நுழையவில்லை. அம்மாவின் பாவாடையில் கறையைப் பார்த்துப் பார்த்துப் பயந்து போயிருந்த நந்தினி, நல்ல சாக்குக் கிடைத்தது என்று பிடித்துக்கொண்டாள். “ரோசம்மா அக்கா தச்சாத்தான் போட்டுக்குவேன். இல்லன்னா நைட்டியிலயே மணமேடையில ஒக்காந்துக்கறேன்.”

ஆடி முகாமுக்கு மணியம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். திரைக்குள் போய் நாடாவைத் தளர்த்தினாள். ரோசம்மாள் டேப்பைச் சுற்றினாள். டாக்டர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மணியம்மாளின் கை ரோசம்மாளின் தோளைப் பிடித்தது. அந்தப் பிடியில் அதட்டல் எதுவும் இல்லை, வெறும் பயம்தான். “நான் கீறேம்மா,” என்றாள் ரோசம்மாள்.

புண்ணிலிருந்து சின்னத் துண்டு எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய்தான் என்று வந்தது. ஆரம்ப நிலை, எங்கும் பரவவில்லை. திருவள்ளூரில் நெல் வியாபாரியைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, நந்தினியோடும் ரோசம்மாளோடும் சென்னைக்குப் போய் வெட்டி எடுத்துக்கொண்டாள் மணியம்மாள். வெட்டிய இடத்தின் ஓரம் முழுக்கச் சுத்தம், எதுவும் மிச்சமில்லை என்று டாக்டர் சொன்ன அன்று ரோசம்மாள் ஆஸ்பத்திரி வாசலிலேயே கர்த்தருக்கு உரக்க நன்றி சொன்னாள். மணியம்மாள் பெரியபாளையத்தம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். ஆவணிக் கல்யாணத்தில் அரக்குப் பட்டுக்குள் நாலு விரல் பட்டிப் பாவாடை கட்டிக்கொண்டு, பெண்ணின் அம்மா பந்திக்குப் பந்தி ஓடினாள். யாருக்கும் எதுவும் தெரியாது.

தெரியாமலேயே போயிருக்கும், ஐப்பசி முகாமுக்கு அவளே வராமல் இருந்திருந்தால். ஷேர் ஆட்டோ நிறைய ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். கூடவே அவள் சம்பந்தி சந்திரகலாவும். வரிசையில் பெண்கள் நெளிந்துகொண்டிருப்பதைப் பார்த்ததும் மணியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. கட்டின புருஷனுக்கே சரியாகக் காட்டாத இடுப்பிலிருந்து புடவையை விலக்கி, அத்தனை பேர் முன்னால் காட்டினாள்.

“பாத்துக்கோங்க! கேன்சரு. வெட்டி எடுத்தாச்சு. பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணிட்டு கல்லு மாதிரி நிக்கறேன். வெக்கப்பட்டுக்கினு ஊட்லயே இருந்தா போய்ச் சேந்திருப்பேன்.”

மணியம்மாள் சம்பந்தியை ஓரக்கண்ணால் பார்த்தாள். சந்திரகலா தலையைக் குனிந்துகொண்டு, வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

“எனக்கும் ஒண்ணு கீது சம்பந்தி. போன தீவாளிலருந்து ஆறல. ஒங்க ஊட்ல தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டீங்களோன்னு சொல்லல.”

மணியம்மாள் சந்திரகலாவின் கையைப் பிடித்து, முணுமுணுத்த வரிசையை இடித்துத் தள்ளிக்கொண்டு, திரையை விலக்கினாள்.

“ரோசம்மா, மொதல்ல என் சம்பந்திக்கு அளவெடுடி!”