'அக்கரை விளக்கு' யார் போட்ட மெட்டு என்று கேட்க யாங்கோன் போய் வந்தேன்

2009 டிசம்பரில் நான் யாங்கோனுக்குப் போனது பகோடா பார்க்க அல்ல. சொந்தக்காரர்களைப் பார்க்க நிச்சயமாக அல்ல. மிஜௌங் குழு பதினொரு வருடம் கழித்து மறுபடி ஒன்றாக மேடை ஏறுகிறது என்று மகள் சொன்னாள். அந்தக் குழுவின் கித்தார்காரர் கோ தெய்னிடம் எனக்கு ஒரு கேள்வி இருந்தது. அதற்காகத்தான் போனேன்.

மிஜௌங் என்றால் பர்மிய மொழியில் முதலை. எண்பதுகளில் தொடங்கிய ராக் குழு. யாங்கோனின் தாமுவே பகுதியில் நானும் என் வீட்டுக்காரரும் டீக்கடை வைத்திருந்தபோது காலையில் கடை திறந்ததும் அவர்கள் கேசட்டைத்தான் போடுவோம். 1989இல் வந்த 'அக்கரை விளக்கு' பாட்டைக் கேட்காமல் எழுந்து போன வாடிக்கையாளர் கிடையாது. காரணம் என் வீட்டுக்காரர் சொல்லும் கதை. ஆற்றங்கரையில் போட்டாதாங் ஜெட்டி என்கிற படகுத்துறையில் படகிலிருந்து சர்க்கரை மூட்டை இறக்கப் போனவர், அங்கே கோ தெய்ன் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப முனகிக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். இவர் ஒரு சுருட்டுக் கொடுத்தாராம். நாலைந்து மாதம் கழித்துப் பாட்டு வந்தது. "இந்த மெட்டு பிறக்கும்போது நான் பக்கத்துல நின்னேன்" என்று சாகும்வரை சொன்னார்.

அவர் 1997இல் மவுத்தானார். நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு வந்திருந்த அத்தனை பேர் முன்னால், சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அண்ணனைக் காக்கா என்று கூப்பிடும் அவருடைய சொந்தத் தங்கை சுபைதா சொன்னாள்: "அது இங்கிலீஷ் மெட்டு. காக்கா புளுகுனாரு, நாம சிரிச்சோம், அவ்வளவுதான்." எல்லாரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று இன்றைக்கும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். அன்று முதல் நான் அவளோடு பேசவில்லை. அடுத்த வருடம் மகளோடு சிங்கப்பூர் வந்துவிட்டேன்.

பர்மாவில் இந்த விஷயம் ஏன் இவ்வளவு பெரிது என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. அங்கே காப்பிப் பாட்டு என்று வெளிப்படையாகவே சொல்வார்கள். கப்பல்காரர்கள் கொண்டுவரும் வெளிநாட்டு டேப்பைக் கேட்டு, அந்த மெட்டுக்குப் பர்மியச் சொற்களைப் பொருத்துவார்கள். அதில் யாருக்கும் வெட்கம் இல்லை. ஆனால் சொந்த மெட்டு போட்டவனுக்குக் கிடைக்கும் மரியாதை வேறு. 'அக்கரை விளக்கு' காப்பியா சொந்தமா என்று இருபது வருடமாக அடித்துக்கொள்கிறார்கள்.

சிங்கப்பூரில் ஒரு நாள் பேரங்காடியில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கூரையிலிருந்து அந்த மெட்டு வந்தது, இங்கிலீஷில். "வெள்ளைக்காரன் நம்ம பாட்டைத் திருடிட்டான்!" என்று சத்தம் போட்டேன். மகள் தேடிப் பார்த்துவிட்டு, அந்தப் பாட்டு நம்முடையதற்கு ஏழு வருடம் மூத்தது என்றாள். எந்தக் குழு என்று இங்கே எழுத மாட்டேன், அவர்கள் மேல் எனக்குக் கோபம். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் மெட்டு தெரியும். அன்றிலிருந்து மனசில் ஒரே கேள்விதான்: அப்படியானால் அவர் சொன்னது பொய்யா?

சரி, பயணத்துக்கு வருகிறேன். காலை எட்டு மணி விமானம். மூன்று மணி நேரத்தில் யாங்கோன். கடிகாரத்தை ஒன்றரை மணி பின்னால் திருப்ப வேண்டும் என்பதால் ஒன்பதரைக்கே இறங்கிவிடுவீர்கள். டாலர் நோட்டு மடிப்பு இல்லாமல் புதிதாக இருக்க வேண்டும். லேசாகக் கோடு விழுந்த நோட்டைக்கூட வாங்க மாட்டார்கள். என் நோட்டு ஒன்றை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான் ஒருவன். அவன் முகம் ஞாபகம் இருக்கிறது. கார்டு எதுவும் அங்கே செல்லாது.

டாக்ஸியில் மீட்டர் கிடையாது. ஏழாயிரம் ஜாட் கேட்டவரை ஐயாயிரத்து ஐநூறுக்கு இறக்கினேன். போட்டாதாங்குக்கு ஒரு மணி நேரம் ஆனது. போன வருடப் புயலில் சாய்ந்த மரங்களின் அடிக்கட்டைகள் சாலையோரம் அப்படியே நின்றன. ஸ்டிராண்ட் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன விடுதியில் அறை பதினைந்து டாலர். மின்சாரம் போகும், வரும். தண்ணீர் எப்போதும் வந்தது, அதைச் சொல்லியாக வேண்டும்.

டிக்கெட் வாங்குவதில்தான் சிக்கல். வெளிநாட்டிலிருந்து வாங்க வழியில்லை. என்னைக் கேட்காமல் மகள் சுபைதாவுக்குப் போன் பண்ணிவிட்டாள். ஆகவே மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு, ஜெட்டிக்கு எதிரே உள்ள டீக்கடையில், பன்னிரண்டு வருடம் கழித்து அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"மெலிஞ்சு போயிட்டியே மச்சி" என்றாள், அண்ணன் மனைவியைக் கூப்பிடும் முறையில்.

"டிக்கெட் எங்கே?"

"தர்றேன். டீ ஆறுது, குடி."

நல்லவேளை, அந்தக் கடை முழுக்க மிஜௌங் ரசிகர்கள். நாங்கள் பேசாமல் இருந்தது யாருக்கும் தெரியவில்லை. பக்கத்து மேசையில் ஊ டின் என்ற பெரியவர், தபால் வேலையில் ஓய்வு பெற்றவர், மேசையைத் தட்டிப் பேசிக்கொண்டிருந்தார். எதிரே கோ மியோ என்ற இளைஞர், கம்ப்யூட்டர் கடைக்காரர். அவர்கள் பேச்சு பர்மிய மொழியில். நான் தமிழில் தருகிறேன்.

"காசுக்காகத்தான் சேர்ந்திருக்காங்க" என்றார் கோ மியோ. "பாடகருக்குக் குரல் போச்சு. டிரம்மரோட பேட்டரிக் கடை ஓடல."

"புயலுக்கு அப்புறம் ஆளுக்கொரு பக்கமாக் கிராமம் கிராமமாப் போய்ச் சும்மா பாடினாங்களே, அப்பக் காசா வாங்கினாங்க?" என்றார் ஊ டின். "நீ அன்னைக்கு எங்கப்பா இருந்தே?"

"சும்மா பாடினதுல பேரு கிடைச்சுது. இப்ப அந்தப் பேரை விக்கிறாங்க."

"உன் வாயில கொசு போக."

நான் இடையில் புகுந்து, டிரம்மர்தான் 1998இல் குழுவை உடைத்தவன், அவனை நான் மன்னிக்கவில்லை என்றேன். சுபைதா உடனே, "டிரம்மர் இல்லேன்னா மிஜௌங்கே இல்ல" என்றாள். அவளுக்கு எப்போதும் எனக்கு எதிர்ப்பக்கம்தான்.

பேச்சு 'அக்கரை விளக்கு'க்கு வந்தது. ஊ டின் சொந்த மெட்டுக் கட்சி. கோ மியோ சிரித்துவிட்டு, பையிலிருந்து சின்னப் பாட்டுப்பெட்டியை எடுத்து ஒயரை என் காதில் வைத்தார். அதே இங்கிலீஷ் பாட்டு. பேரங்காடியில் பாதிதான் கேட்டிருந்தேன். இப்போது முழுவதும் கேட்டேன். முதல் பாகம் அதே. கடைசி அதே. நடுவில், நம் பாட்டில் குரல் படகு மாதிரி எழும்பி இறங்கும் இடம் இருக்கிறதே, அது அதில் இல்லவே இல்லை. அந்த இடத்தில் வேறு என்னவோ வாசிக்கிறார்கள்.

"நடுவுல நம்மது வேற" என்றேன்.

"தப்பாக் காப்பி அடிச்சிருப்பாங்க அன்டீ" என்றார் கோ மியோ.

"நல்லாக் கேளு. தப்பு இவ்வளவு அழகா வருமா?"

ஊ டின் அந்தத் துண்டை ஒருமுறை பாடிக்காட்டினார். ஜெட்டிக் கதை தெரியுமா என்று நான் பொதுவாகக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. எல்லாப் பத்திரிகைப் பேட்டியையும் படித்தவர் ஊ டின். பாட்டை எங்கே போட்டார் என்று கோ தெய்ன் எங்குமே சொன்னதில்லை என்றார் அவர். சுபைதா இன்னொரு டீ சொன்னாள்.

நிகழ்ச்சி அன்று மாலை ஐந்து மணிக்கு, கண்டோஜி ஏரிப் பக்கம் ஒரு திறந்தவெளி மைதானத்தில். டிக்கெட் ஐயாயிரம் ஜாட். நாற்காலி கிடையாது, ஒரு பிளாஸ்டிக் விரிப்பு எடுத்துப்போங்கள். வாசலில் மாலை விற்பார்கள், ஐநூறு ஜாட். கட்டாயம் வாங்குங்கள். பர்மாவில் பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே ரசிகர்கள் மேடையேறி, பிடித்த கலைஞருக்கு மாலை போட்டுவிட்டு இறங்கலாம். மேடையின் இடது பக்கம் வரிசை நிற்கும். காவல்காரர் ஒவ்வொருவராக விடுவார். கோ தெய்னுக்குப் பக்கத்தில் நான் போக அதை விட்டால் வேறு வழி இல்லை.

அவர்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பாடகருக்கு மேல் சுருதி எட்டவில்லை, உண்மைதான். எட்டாத இடங்களில் மறைக்காமல் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார். ஆயிரம் பேர் எட்டினோம். டிரம்மர் அறுபது வயதில் இருபது வயதுக்காரன் மாதிரி அடித்தான். அவன் மேல் உள்ள கோபம் கோபம்தான், அடி அடிதான். குழுவை உடைத்துக்கொண்டு போனவர்கள், முகத்தைப் பார்க்காமலேயே ஒரே நேரத்தில் நிறுத்தி ஒரே நேரத்தில் தொடங்கினார்கள். என் கண் நிறைந்துவிட்டது.

'அக்கரை விளக்கு' தொடங்கியதும் வரிசைக்கு ஓடினேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாரும் பாடகருக்கே போட்டார்கள். அவர் கழுத்து தெரியவில்லை. நான் அவரைத் தாண்டிப் போய்க் கோ தெய்னுக்குப் போட்டேன். அவர் கையை நிறுத்தாமல் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். குனிந்த காதில் கேட்டேன்.

"நடுவுல வர்ற மெட்டு யாருது?"

அவர் சிரித்தார். "எனக்கு வந்த டேப்புல அந்த இடம் அழிஞ்சு போயிருந்துச்சு அன்டீ. நானே போட்டேன்."

"எங்க வச்சு? போட்டாதாங் ஜெட்டியிலயா?"

அவர் விரல் ஒரு தட்டு நின்றுவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு சொன்னாங்க?"

"எங்க வீட்டுக்காரரு."

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். அதற்குள் காவல்காரர் என் முழங்கையைப் பிடித்துவிட்டார். படியிறங்கும்போது அந்த நடுப்பகுதி வந்தது. கூட்டம் பாடியது.

கீழே சுபைதா, "என்ன மச்சி சொன்னாரு?" என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடம் நான் பொறுத்தேன், ஒரு ராத்திரி அவள் பொறுக்கட்டும்.

மறுநாள் காலை எட்டரைக்கு அதே டீக்கடைக்கு அவளை வரச் சொன்னேன். ஊ டின்னும் கோ மியோவும் எங்களுக்கு முன்பே வந்து ஆரம்பித்துவிட்டார்கள்.

"கோ தெய்ன் ஒரு இடத்துல விட்டுட்டாரு, கவனிச்சீங்களா?" என்றார் கோ மியோ. "கைக்கு வயசாயிடுச்சு."

"அது வேணும்னே விட்டது. மூச்சு விடுற இடம்" என்றார் ஊ டின்.

"ரெண்டும் இல்ல. என்னால விட்டாரு" என்றேன். மேடையில் நடந்ததை வார்த்தை விடாமல் சொன்னேன். கடையே திரும்பியது. ஊ டின் எழுந்து வந்து, ஜெட்டி என்றாரா, அழிந்த டேப் என்றாரா என்று இரண்டு தடவை கேட்டார். "அப்படீன்னா பாதி காப்பி, பாதி சொந்தம்" என்றார் கோ மியோ. "நல்ல பாதி சொந்தம்" என்றார் ஊ டின். மறுபடி சண்டை.

சுபைதா அழுதுகொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, எல்லாருக்கும் புரியும்படி பர்மிய மொழியிலேயே சொன்னாள்: "எங்க அண்ணன் சொன்னது நிஜம். நான்தான் பொய்யின்னு சொன்னேன்." உட்கார்ந்து, தமிழில் என்னிடம், "போதுமா மச்சி?" என்றாள்.

"இங்க இருக்கிறவங்க யாரும் அன்னைக்குச் சிரிக்கலியே. சிரிச்சவங்ககிட்ட சொல்லு."

"அன்னைக்குச் சத்தமாச் சிரிச்ச மொய்தீன் பாய் செத்து ஆறு வருஷமாச்சு."

"அவரு பொண்டாட்டி தாகேதாவுல இருக்கால்ல?"

அவள் என்னை முறைத்தாள். பிறகு தெருவில் போன டாக்ஸியைக் கைதட்டி நிறுத்தினாள்.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். டிசம்பர், ஜனவரியில் போங்கள், வெயில் தாங்கும். சிங்கப்பூரிலேயே விசா எடுத்துவிடுங்கள், ஒரு வாரம் ஆகும். பழைய குழுக்களுக்குக் குரல் போய்விட்டது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அவர்கள் கையில் இருப்பது குரல் மட்டும் இல்லை. பல வருடம் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டு வாசித்த பழக்கம் வேறு எங்கும் கிடைக்காது. மாலையைக் கூட்டமில்லாத கலைஞருக்குப் போடுங்கள், அவருக்குப் பேச நேரம் இருக்கும். போட்டாதாங்கிலிருந்து ஆற்றுப் பாலம் தாண்டித் தாகேதா போக டாக்ஸிக்கு இரண்டாயிரம் ஜாட் கொடுங்கள். பல வீடுகள் போக வேண்டுமென்றால் அரை நாளுக்குப் பேசிக்கொள்ளுங்கள், எட்டாயிரத்துக்கு வருவார்கள்.

எங்களுக்கு அரை நாள் பிடித்தது. முதல் வீட்டில் சுபைதா தலையைக் குனிந்துகொண்டு இரண்டே வரியில் முடித்தாள். இரண்டாவது வீட்டில் சுருட்டையும் சேர்த்துக்கொண்டாள். மூன்றாவது வீட்டில் கைகால் வீசி, படகு, மூட்டை, ஆற்றுக்காற்று எல்லாம் வைத்துச் சொன்னாள். அந்த வீட்டு மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டாள். கடைசி வீட்டில், மொய்தீன் பாயின் விதவைக்கு முன்னால் சுபைதா நிமிர்ந்து உட்கார்ந்து, டேப் அழிந்து போய்க் கோ தெய்ன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்ததாகவும், எங்கள் காக்காதான் பக்கத்தில் நின்று அந்த நடுத்துண்டை முதலில் முனகிக் காட்டியதாகவும் சொன்னாள்.

நான் திருத்தவில்லை.