ஹம்பேர்கர் கடைக்கு வெளியே நின்றவர்கள்

எண்பதுகளின் நடுவில் ஹோர்சன்ஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹம்பேர்கர் கடை இருந்தது. டென்மார்க்கின் பல ஊர்களில் கிளைகள் வைத்திருந்த அந்த நிறுவனம் இன்று இல்லை. நான் அகதியாக வந்த முதல் குளிர்காலத்தில், ஒரு ஞாயிறு மத்தியானம், முகாமில் என்னோடு ஒரே அறையில் இருந்த மன்னார் அண்ணையோடு அங்கே போனேன்.

பொரித்த வெங்காயமும் ஊறுகாய் வெள்ளரியும் வைத்த ஹம்பேர்கரை நான் முதல் கடி கடித்தபோது அண்ணை மெதுவாகச் சொன்னார்.

"திரும்பிப் பாராதை. வெளியில நாலைஞ்சு வெள்ளைக்காரப் பெடியள் எங்களையே பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள்."

"பஸ்ஸுக்கு நிக்கிறாங்களாக்கும்."

"பஸ் வந்திட்டுப் போட்டுது. ஒருத்தரும் ஏறேல்லை. அகதியளைப் பிடிக்காத கூட்டமாக்கும்."

பக்கத்து மேசைக் குடும்பம் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போனது. வெளியே நின்றவர்களில் ஒருவன் கண்ணாடியில் விரலை மடக்கித் தட்டினான். அவன் முகத்தில் சிரிப்பே இல்லை. நான் ஹம்பேர்கரைத் தட்டில் வைத்தேன்.

கவுண்டரில் நின்ற பெண் வந்து கதவைப் பூட்டினாள். எங்களைச் சமையலறை வழியாகப் பின்பக்கம் கூட்டிப்போய், தன் காரில் ஏற்றி முகாம் வாசலில் இறக்கிவிட்டாள். வழியெல்லாம் யாராவது பின்தொடர்கிறார்களா என்று பார்த்தபடியே ஓட்டினாள்.

அடுத்த கிழமை அவளுக்கு நன்றி சொல்லப் போனோம். அவள் வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். ஏன் என்று கேட்க நாங்கள் இருவருமே துணியவில்லை.