டீச்சருக்கு என்ன ஆபரேஷன்?

இருபத்திரண்டு வருடமாகக் கட்டுப் போடுவதும் கட்டு அவிழ்ப்பதும்தான் என் உத்தியோகம். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி கிளினிக்கில் தாதி, வருகிறவர்களுக்கு 'மிஸ்ஸி'. பிளாஸ்டிக் சர்ஜரி என்றாலே மூக்கை நிமிர்த்துவது என்று நினைக்காதீர்கள். பாடுபட்டு எடையைக் குறைத்த பிறகு காலிப் பை மாதிரி தொங்குகிற தோலை எடுக்கவும் எங்களிடம்தான் வர வேண்டும். தொடையும் தொடையும் உரசி, வேர்த்து, எரிந்து, பவுடர் டப்பாவோடு குடும்பம் நடத்துகிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். வெட்கப்படாதீர்கள், நானும் உங்கள் கட்சிதான்.

முட்டிவலி

லோகா டீச்சர் கிள்ளானிலிருந்து வந்திருந்தார். பந்திங் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. பதிவுப் பாரத்தில் 'முட்டிவலி' என்று எழுதியிருந்தார். "முட்டிக்கு இங்க டாக்டர் இல்லையே டீச்சர்" என்றேன். கதவு சாத்தியிருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார். சோற்றைப் பாதியாக்கி, தினமும் காலையில் நடந்து, மூன்று வருடத்தில் நாற்பது கிலோ குறைத்தவர். உடம்பு இளைத்தது, தொடைத் தோல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அரை மணி நேரம் வேகமாக நடந்தால் புண்.

டாக்டர் சீனப் பெண்மணி, சுற்றி வளைத்துப் பேசமாட்டார். "ஆபரேஷன் முடிந்ததும் கால் எப்படி இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். அழகைப் பற்றி டீச்சர் ஒரு வார்த்தை பேசவில்லை. "எங்க ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேல டீச்சர்ஸ் ரேஸ் இருக்கு டாக்டர். பதினாறு வருஷமா ஏதாச்சும் சாக்கு சொல்லி ஒதுங்கிட்டேன். ஒரே ஒரு தடவ ஓடணும் லா."

மார்க்கர் பேனா

எந்தத் தோலை எடுப்பது என்று நிற்க வைத்துத்தான் கோடு போடுவார்கள். படுத்தால் தோல் இடம் மாறிவிடும். டாக்டர் கோடு போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். தழும்பு மறையாது. இறுக்கமான சிலுவாரை, அதாவது தொடையைப் பிடிக்கிற கால்சட்டையை, ஆறு வாரம் போட வேண்டும். குந்தக் கூடாது, காலை அகட்டக் கூடாது, அகட்டினால் தொடை இடுக்கில் தையல் விட்டுவிடும். டீச்சர் இதையெல்லாம் ஏற்கனவே ஒரு நோட்டில் எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டிருந்தார். இந்த மாதிரி நோயாளி கிடைத்தால் பாதி வேலை குறைவு என்று நான் மகிழ்ந்துகொண்டிருந்தபோது, என் காதருகே குனிந்தார். "வீட்ல கர்ப்பப்பை ஆபரேஷன்னு சொல்லியிருக்கேன் மிஸ்ஸி. வீட்டுக்காரருக்கு மட்டும்தான் நெசம் தெரியும். தொடைன்னு மாமியார்கிட்ட எப்படி வாயத் தொறந்து சொல்றது?"

மீன் சூப்

அதைக் கேட்டு நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றும் என்னையே திட்டிக்கொள்கிறேன். நம் நாட்டில் உடம்பில் எங்கே கத்தி பட்டாலும் ஹாருவான் என்கிற விரால் மீன் சூப்தான் மருந்து. புண் சீக்கிரம் ஆறுமாம். செராஸ் சித்தி, சுபாங் ஜெயா நாத்தனார் என்று சொந்தமெல்லாம் சூப் டப்பாவோடு கிளம்பிவிட்டது. முதல் கட்டு மாற்ற வந்த அன்று டீச்சரின் கணவர் என்னைத் தனியாக அழைத்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற மனிதர், முகம் வெளுத்திருந்தது. "ஃப்ரிட்ஜ்ல பால் வைக்க எடமில்ல மிஸ்ஸி. வர்றவங்க எல்லாம் அவங்கவங்க கர்ப்பப்பை கதைய வேற சொல்லிட்டுப் போறாங்க. எனக்கே அடிவயிறு வலிக்குது."

சாம்பிராணி

மூன்றாவது வாரம் டீச்சர் கணவர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். பின்னால் மாமியார். மாமியாரைத் திரைக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டுக் கட்டைப் பிரித்தால், வலது தொடை இடுக்கில் இரண்டு விரல் அகலத்துக்குத் தையல் விட்டிருந்தது. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமியார் பெருமையாகவே சொன்னார்: கர்ப்பப்பை ஆறட்டும் என்று, பிள்ளை பெற்றவளுக்குச் செய்கிற மாதிரி, மகன் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், மருமகளைத் தாழ்வான மணையில் காலை அகட்டி உட்கார வைத்து, கீழே சாம்பிராணிப் புகை போட்டாராம். தான் சொன்ன பொய்யில் தானே மாட்டிக்கொண்ட டீச்சர், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் நோயாளி ரகசியத்தை நான் உடைக்க முடியாது, பல்லைக் கடித்துக்கொண்டேன். டாக்டர் பார்த்துவிட்டு, சீழ் இல்லை, தானாக மூடும், ஆனால் நாளாகும், ஓடுவதைப் பற்றி இப்போது பேச வேண்டாம் என்றார். டீச்சர் உடைந்து அழுதார். அழுகையோடு அழுகையாக உண்மையையும் சொல்லிவிட்டார். மாமியார் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அடுத்து விழப்போவது திட்டு என்றுதான் நான் நினைத்தேன். "அடிப் பாவி, தொடை ஒரசறதுக்கு ஆபரேஷன் இருக்கா? முப்பது வருஷமா பவுடர் பூசறேன், ஒருத்தியும் எங்கிட்ட சொல்லலியே!"

காவல்

அதற்குப் பிறகு எனக்கு வேலையே இல்லை. கட்டு மாற்றும் நாளில் மருமகளுக்கு முன்னால் மாமியார் வந்து நிற்பார். சிலுவாரைத் துவைத்து நிழலில் காயப் போடுவது அவர் பொறுப்பு. தையல் விட்ட இடம் மூட ஆறு வாரம் ஆனது. இடையில் ஒரு நாள், வீட்டில் டீச்சர் எப்படி உட்காருகிறார் என்று விசாரிக்கப் போன் செய்தேன். எடுத்தது மாமியார், டீச்சர் கைக்குப் போன் போகவே இல்லை. "மணையெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டேன் மிஸ்ஸி. சாமிகூட அவ நின்னுக்கிட்டேதான் கும்புடறா."

மூச்சு

ஐந்தாவது மாதம் டாக்டர் மெதுவாக ஓடிப் பார்க்கலாம் என்றார். அதற்குப் பிறகு டீச்சரிடமிருந்து சத்தமே இல்லை. தழும்பு இழுக்கிறதோ, பயந்துவிட்டாரோ என்று எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு சனிக்கிழமை காலை, கிளினிக்கில் கூட்டமாக இருந்த நேரம், கணவர் வீடியோ அனுப்பியிருந்தார். பள்ளித் திடல், வெயில், பிள்ளைகளின் கூச்சல். ஐந்து ஆசிரியைகள் ஓடினார்கள், லோகா டீச்சர் நான்காவதாக வந்தார். கட்டுப் போடும் அறையில் நின்று மூன்று தரம் பார்த்தேன்; அழுதேன், அதில் என்ன வெட்கம். அப்போதே போனும் வந்தது. டீச்சர் இரைக்க இரைக்கப் பேசினார். "மூச்சுதான் வாங்குச்சு மிஸ்ஸி. கால் ஒண்ணும் சொல்லல."

இப்போதெல்லாம் ஆபரேஷனுக்கு வருகிறவர்களிடம் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு பற்றி விசாரிப்பதற்கு முன்னால், 'வீட்டில் என்ன ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறீர்கள்?' என்பதைத்தான் முதலில் கேட்டு எழுதிக்கொள்கிறேன்.